ஐம்பது சென்ட் மோதிரம் வாங்கும் முன்

நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் எடுக்கப் போகிற வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை சென்ட்?" என்பதுதான். கடையில் ஒரே தட்டில் இரண்டு மோதிரங்களை எடுத்து வைக்கிறார்கள். இரண்டின் சீட்டிலும் 50 சென்ட் என்றே இருக்கிறது. விலை மட்டும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒன்றில் இருப்பது ஒற்றைக் கல். அது மட்டுமே 50 சென்ட். மற்றதில் சுற்றிவரப் பதித்த பத்துக் கற்கள், ஒவ்வொன்றும் 5 சென்ட். கூட்டினால் எடை ஒன்றுதான். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து பெரிய கல் கிடைப்பது அரிது. அதனால் கல் பெரிதாகப் பெரிதாக, அதன் காரட் விலையே ஏறிக்கொண்டு போகும். ஆகவே முதல் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "மொத்தம் எத்தனை கல், ஒவ்வொன்றும் எத்தனை சென்ட்?"

ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். தங்கத்துக்குச் சொல்லும் 22 காரட், 18 காரட் வேறு. அது தூய்மைக் கணக்கு. 50 சென்ட் கல்லின் எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பில் போடும்போது இந்தக் கணக்கு தேவைப்படும்.

இன்னொன்று, விலை சீராக ஏறுவதில்லை. 30, 50, 70 சென்ட், ஒரு காரட் என்று சில எண்களைத் தொட்டதும் காரட் விலை ஒரு படி தாவும். நன்றாக வெட்டிய ஒரு காரட் வட்டக் கல்லின் குறுக்களவு சுமார் 6.5 மில்லிமீட்டர். 95 சென்ட் கல்லுக்கு அது 6.4 மில்லிமீட்டர் வரும். இந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் விலையில் நன்றாகவே தெரியும். 50 சென்ட்டுக்குப் பணம் ஒதுக்கியிருப்பவர் 46, 47, 48 சென்ட்டில் கல் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறே இல்லை. கடைக்காரர் தானாக எடுத்துக் காட்ட மாட்டார்.

எடைக்கு அடுத்து நிறம், சுத்தம், வெட்டு. இந்த நான்கையும் வைத்துக் கல்லைத் தரம் பிரிக்கும் முறையை உலகம் முழுக்கப் பரப்பியது 1931இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஜிஐஏ என்ற நிறுவனம். நம் ஊர்க் கடைகளில் நிறத்தைப் பற்றியும் சுத்தத்தைப் பற்றியும் நிறையப் பேசுவார்கள். 'ஈஎஃப், விவிஎஸ்' என்று பெருமையாகச் சொல்வார்கள். வெட்டைப் பற்றி அவ்வளவாகப் பேச மாட்டார்கள். என் கணிப்பில் இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். மோதிரம் போட்ட கையை மூன்றடி தள்ளி நின்று பார்க்கிறவருக்குத் தெரிவது கல்லின் ஜொலிப்பு ஒன்றுதான். அந்த ஜொலிப்பைத் தருவது வெட்டு. நிறமும் சுத்தமும் பூமி கொடுப்பவை. வெட்டு மட்டும்தான் மனிதன் கையில் இருக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். வைரத்தின் மேல்முகம் வழியாக ஒளி உள்ளே நுழைகிறது. அடிப்பக்கம் கூம்பு போல் சரிந்திருக்கும் பட்டைகளில் போய் மோதுகிறது. வைரம் ஒளியை மிக அதிகமாக வளைக்கும் பொருள் என்பதால், அந்தப் பட்டைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 24 டிகிரிக்கு மேல் சாய்ந்து வந்து மோதும் ஒளி வெளியே தப்ப முடியாது, அப்படியே திரும்பிவிடும். எதிர்ப்பக்கப் பட்டையில் இன்னொரு முறை மோதி, மேல்முகம் வழியாக நம் கண்ணுக்கு வந்து சேரும். சரிவு சரியாக இருந்தால்தான் இது நடக்கும். ஆண்ட்வெர்ப் நகரத்து வைரக் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் இந்தக் கோணங்களைக் கணக்குப் போட்டுப் புத்தகமாக வெளியிட்டார். மேல்சரிவு 34.5 டிகிரி, அடிச்சரிவு 40.75 டிகிரி என்பது அவர் கண்ட விடை. இன்றைய வட்டக் கற்களும் அதை ஒட்டியே வெட்டப்படுகின்றன.

அடி தட்டையாகிவிட்டால் ஒளி கீழே ஒழுகிவிடும். மேலிருந்து பார்த்தால் முகத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். வியாபாரத்தில் இதை மீன் கண் என்பார்கள். அடி அளவுக்கு மீறி ஆழமாகிவிட்டால் கல்லின் நடுவே இருட்டடிக்கும்.

இப்படிப்பட்ட கற்கள் ஏன் சந்தைக்கு வருகின்றன? பட்டை தீட்டும்போது முரட்டுக் கல்லின் எடையில் பெரும் பங்கு தூளாகப் போய்விடும். சரியான கோணத்துக்காக இன்னும் கொஞ்சம் தேய்த்தால் 1.02 காரட் வரவேண்டிய கல் 94 சென்ட்டில் நிற்கும். ஒரு காரட் என்ற படி கைநழுவும். அதனால் அடியைக் கனமாக விட்டுவிடுகிறார்கள். தராசில் ஒரு காரட், ஆனால் முகத்தின் அகலம் 6.1 மில்லிமீட்டர்தான். வாங்குகிறவர் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, மோதிரத்துக்குள் மறைந்திருக்கும் அடிக்கனத்துக்குப் போகிறது. இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. சான்றிதழில் மில்லிமீட்டர் அளவு அச்சாகியிருக்கும். ஒரு காரட்டுக்கு 6.5, 50 சென்ட்டுக்கு 5.1 முதல் 5.2, 30 சென்ட்டுக்கு 4.3. இந்த மூன்று எண்களைப் போனில் குறித்துக்கொண்டு போனால் போதும். வட்டக் கல்லுக்கு ஜிஐஏ 2006 முதல் வெட்டுத் தரத்தையும் சான்றிதழில் எழுதுகிறது. அதில் 'எக்ஸலன்ட்' என்று இருக்கும் கல்லையே எடுங்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் சமரசம் செய்யாதீர்கள்.

கல்லை எங்கே நின்று பார்க்கிறோம் என்பதும் முக்கியம். நகைக்கடையின் கூரையில் வரிசையாக எரியும் சிறு விளக்குகளின் கீழே கண்ணாடிக் கல்கூட மின்னும். மோதிரத்தை வாங்கி, ஊழியரையும் அழைத்துக்கொண்டு, வாசல் பக்கம் பகல் வெளிச்சம் விழும் இடத்துக்குப் போங்கள். நேர் வெயில் வேண்டாம், நிழல் போதும். மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நன்றாக வெட்டிய கல் அந்த மங்கலான வெளிச்சத்திலும் விளிம்புவரை உயிரோடு இருக்கும். மற்றது நடுவில் சோர்ந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குப் பிறகு விளக்கமே தேவைப்படாது.

நிறத்துக்கு வருவோம். ஜிஐஏ அளவுகோல் டி என்ற எழுத்தில் தொடங்கி இசட் வரை போகிறது. டி, ஈ, எஃப் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை ஏறக்குறைய நிறமற்றவை. அதற்குக் கீழே போகப் போக மஞ்சள் தட்டும். இந்தத் தரத்தை ஆய்வகத்தில் கல்லைக் கவிழ்த்து வைத்து, மாதிரிக் கற்களோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். மோதிரத்தில் கல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். அதன் ஜொலிப்பே லேசான நிறத்தை மறைத்துவிடும். அதிலும் மஞ்சள் தங்கத்தில் பதித்தால் தங்கத்தின் நிறமே கல்லுக்குள் ஏறும். மஞ்சள் தங்க மோதிரத்துக்கு டி நிறக் கல் வாங்குவது காசைக் கரைப்பதுதான். அங்கே எச், ஐ தாராளமாகப் போதும். வெள்ளைத் தங்கம் அல்லது பிளாட்டினம் என்றால் ஜி, எச் எடுக்கலாம்.

சுத்தம் என்பது கல்லுக்குள் இருக்கும் புள்ளி, கீறல், மேகம் போன்றவற்றின் கணக்கு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்துத் தரம் போடுகிறார்கள். எதுவுமே தெரியாவிட்டால் எஃப்எல், அதற்கடுத்து ஐஎஃப், விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ, கடைசியில் கண்ணுக்கே தெரியும் ஐ. விவிஎஸ் கல்லில் இருக்கும் புள்ளியைப் பழகிய கண்ணே லென்ஸோடு தேடித்தான் பிடிக்கும். விஎஸ்2 வட்டக் கல்லில் வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. எஸ்ஐ1 கூடப் பல நேரம் கண்ணுக்குச் சுத்தமாகவே இருக்கும். ஆனால் அதை ஒவ்வொரு கல்லாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முகத்தின் நடுவே கறுப்புப் புள்ளி இருந்தால் வேண்டாம், விளிம்பை ஒட்டி வெள்ளையாக இருந்தால் பரவாயில்லை. எமரால்ட் கட் போலப் படிபடியாக வெட்டிய செவ்வகக் கல்லில் மட்டும் உள்ளிருப்பது பளிச்சென்று தெரியும். அதற்கு ஒரு தரம் மேலே போவது நல்லது.

கறுப்புப் புள்ளி விஷயத்தில் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. சிலப்பதிகாரத்திலேயே, மதுரையின் ரத்தினக் கடைத்தெருவை இளங்கோ காட்டும் இடத்தில், வைரத்தின் குற்றங்களில் ஒன்றாகக் காகபாதம், அதாவது காக்கைக்கால் போன்ற கறை, வருகிறது. தோஷம் என்ற அந்த எண்ணம் இன்றும் இருக்கிறது. வீட்டில் அந்த நம்பிக்கை உள்ளவர்கள் விவிஎஸ்ஸுக்குத் தாவ வேண்டியதில்லை. பெரிய கற்களின் விரிவான சான்றிதழில் கல்லுக்குள் என்ன எங்கே இருக்கிறது என்று படம் போட்டிருப்பார்கள். கறுப்புப் புள்ளி இல்லாத விஎஸ் கல் ஒன்றைக் கேட்டு, லென்ஸில் பெரியவர்களுக்கே காட்டச் சொல்லுங்கள். "வைரம் ஒத்துக்கொள்கிறதா பார்க்க வேண்டும்" என்று சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்கும் வழக்கமும் பல குடும்பங்களில் உண்டு. அப்படியானால் எத்தனை நாளுக்குள் முழுப் பணத்துக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதை வாங்கும்போதே பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

ஆகமொத்தம், மஞ்சள் தங்கத்தில் 50 சென்ட் ஒற்றைக் கல் மோதிரம் என்றால் நான் தேடுவது இதுதான்: வெட்டு எக்ஸலன்ட், நிறம் எச் அல்லது ஐ, சுத்தம் விஎஸ்2. மிச்சமாகும் பணத்தை வேறு செலவுக்கு வைத்துக்கொள்வேன். கல்யாணச் செலவுக்கு முடிவா இருக்கிறது!

சான்றிதழ் யாருடையது என்று பாருங்கள். இங்கே அதிகம் புழங்குபவை ஜிஐஏ, ஐஜிஐ, எஸ்ஜிஎல். கடை தானே அச்சடித்துத் தரும் அட்டை சான்றிதழ் ஆகாது. சொந்தச் சரக்குக்குச் சொந்தச் சாட்சி அது. ஒற்றைக் கல் என்றால் சான்றிதழ் எண்ணைக் கல்லின் இடுப்பு விளிம்பிலேயே லேசர் எழுத்தால் பொறித்திருப்பது உண்டு. லென்ஸ் கேட்டு வாங்கி எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்திலும் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஹால்மார்க். மோதிரத்தின் உள்பக்கம் பிஐஎஸ் முத்திரை, 750 என்ற தூய்மை எண், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்யுஐடி ஆகியவை இருக்கும். எச்யுஐடி எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். 750 என்றால் 18 காரட் தங்கம். கல்லை இறுக்கிப் பிடிக்க 22 காரட் மென்மை என்பதால் வைர மோதிரங்கள் பெரும்பாலும் இதில்தான் வரும். ஆனால் இந்த முத்திரை தங்கத்துக்கு மட்டுமே உத்தரவாதம். கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "ஹால்மார்க் இருக்கிறதே" என்று வைரத்தை நம்பி வாங்குவது, வீட்டுப் பத்திரத்தைக் காட்டி வண்டியை விற்பது போல.

இனி பில். மோதிரத்தின் மொத்த எடை 4.100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கல் 50 சென்ட், அதாவது 0.100 கிராம். தங்கம் 4.000 கிராம். தங்க விலையும் சேதாரமும் இந்த 4.000 கிராமுக்குத்தான் போட வேண்டும். மொத்த எடைக்குப் போட்டால் வைரத்துக்கு ஒருமுறை வைர விலையும், அதே வைரத்துக்கு இன்னொரு முறை தங்க விலையும் கொடுக்கிறீர்கள். ஒரு மோதிரத்தில் இது சிறு தொகையாக இருக்கலாம். நெக்லஸில் அப்படி இருக்காது. ஆகவே மொத்த எடை, நிகரத் தங்க எடை, கற்களின் எண்ணிக்கை, அவற்றின் எடை, நிறம், சுத்தம், வைர விலை, செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனி வரியாக வர வேண்டும். 'ஒரு பீஸ் விலை' என்று ஒரே தொகையாக எழுதிய பில்லை ஏற்காதீர்கள். "வைரத்துக்குக் காரட்டுக்கு இவ்வளவு தள்ளுபடி" என்ற பண்டிகை அறிவிப்பையும் தனியாகப் பார்க்க வேண்டாம். அடிப்படை விலையை ஏற்றி வைத்துக் குறைப்பது எளிது. ஒரே தரம், ஒரே எடைக்கு இரண்டு கடைகளின் இறுதித் தொகையை ஒப்பிடுவதுதான் நம்பகமான வழி.

திருப்பிக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் அப்போதே கேளுங்கள். மாற்று நகை எடுத்தால் ஒரு கணக்கு, பணமாகக் கேட்டால் வேறு கணக்கு. தங்கத்தைப் போல வைரத்துக்கு அன்றாட விலை கிடையாது. வாங்கிய கடையைத் தவிர வேறு கடைக்குக் கொண்டு போனால் விலை வெகுவாக இறங்கிவிடும். வைரத்தை அழகுக்காக வாங்குங்கள், சேமிப்புக்கு வேண்டாம். நிச்சய மோதிரத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் செலவழிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு சொல்லப்படுகிறதே, அது டி பியர்ஸ் நிறுவனத்தின் விளம்பரங்களிலிருந்து வந்தது. எந்த ஊர்ச் சம்பிரதாயமும் அல்ல.

ஆய்வக வைரம் இப்போது பல கடைகளிலும் வந்துவிட்டது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் 1954இல் கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைரத்தை உருவாக்கினார்கள். இன்று சூரத்தில் பெரும்பாலும் சிவிடி முறை. மெல்லிய வைரச் சில்லு ஒன்றை விதையாக வைத்து, மீத்தேன் கலந்த வாயுவை மைக்ரோவேவ் சக்தியால் பிளாஸ்மாவாக்கினால், அதிலிருந்து பிரியும் கரியணுக்கள் சில்லின் மேல் படலம் படலமாகப் படியும். சில வாரங்களில் கல் தயார். 2023இல் மத்திய அரசு இந்த ஆராய்ச்சிக்காக ஐந்தாண்டுகளுக்கு 242 கோடி ரூபாயைச் சென்னை ஐஐடிக்கு ஒதுக்கியது. ஆய்வக வைரம் போலி அல்ல. முழுக்க முழுக்கக் கரிதான், அதே கடினம், அதே ஜொலிப்பு. கடையில் 'பீப்' என்று கத்தும் பரிசோதனைக் கருவிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆய்வகக் கருவிதான் சொல்ல முடியும். ஏடி கல் என்னும் சிர்கோனியாவும் மாய்ஸனைட்டும் வேறு பொருள்கள். அவற்றை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

வேறுபாடு விலையில்தான். உற்பத்தி கூடக் கூட ஆய்வக வைரத்தின் விலை சரிந்துகொண்டே வந்திருக்கிறது. டி பியர்ஸே 2018இல் காரட் 800 டாலர் என்று லைட்பாக்ஸ் என்ற பெயரில் இதை விற்கத் தொடங்கி, 2025இல் அந்தக் கடையை மூடுவதாக அறிவித்தது. குறைந்த பணத்தில் பெரிய கல், கண்ணுக்கு நிறைவு என்றால் தாராளமாக எடுங்கள். நான் தடுக்க மாட்டேன். இரண்டே நிபந்தனைகள். பில்லிலும் சான்றிதழிலும் ஆய்வகத்தில் உருவானது என்று எழுதியிருக்க வேண்டும். மறுவிற்பனை மதிப்பு என்று யாராவது சொன்னால் அதை மனக்கணக்கில் சேர்க்கக் கூடாது.

கடைசியாக, கடைக்குப் போகும் முன் வீட்டு லாக்கரைத் திறந்து பாருங்கள். பாட்டியின் ஏழு கல் தோடு, பேசரி, மூக்குத்தி என்று பழைய வைரம் இருக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். அதிலிருந்து ஒரு கல்லை எடுத்து மோதிரம் செய்வதைவிடப் பொருத்தமான நிச்சய மோதிரம் எனக்குத் தோன்றவில்லை. அவற்றை ப்ளூ ஜாகர் என்று வீட்டில் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயர் அது. அந்தச் சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் கற்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று புதுக் கல்லை ப்ளூ ஜாகர் என்று கூடுதல் விலை சொன்னால் அந்தப் பெயருக்காகப் பணம் கொடுக்காதீர்கள். நீல ஒளிர்வைச் சான்றிதழில் குறிப்பிடுவார்கள், அது தரத்தில் சேராது.

பழைய தோடுகள் பெரும்பாலும் க்ளோஸ் செட்டிங். கல்லின் அடி தங்கத்துக்குள் மூடியிருக்கும். எண்ணெய்ப்பசை வைரத்தில் எளிதாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் பல வருடத் தலை எண்ணெயும் அங்கே சேர்ந்திருக்கும். கல் மங்கிவிட்டது என்று தள்ள வேண்டாம். பிரித்தெடுத்துச் சுத்தம் செய்தால் அதன் உண்மை முகம் தெரியும். ஆனால் பத்தரிடமோ கடையிலோ கொடுக்கும் முன், ஒவ்வொரு கல்லையும் கிட்டத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எதிரிலேயே கல்லைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் தனியாக எடை போட்டு, சென்ட்டையும் மில்லிமீட்டரையும் ஒரு தாளில் எழுதி, அவர்கள் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். புது மோதிரத்தில் பதிப்பதற்கு முன், அதே தாளை வைத்து மறுபடி எடை போட்டுப் பாருங்கள். விருப்பமிருந்தால் உதிரியாக இருக்கும் அந்த நாட்களிலேயே ஆய்வகத்துக்கு அனுப்பிச் சான்றிதழும் வாங்கிவிடலாம். மூடிய தோட்டில் இருந்தவரை அந்தக் கல்லை யாராலும் முழுதாகத் தரம் பார்க்க முடிந்திருக்காது.